ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு ஃபில்டரும் வெளி ஆம்ப்ளிஃபையரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஏற்கெனவே 5.1 ஹோம் தியேட்டர் ஒன்று இருந்து, ஸ்பீக்கர்களை மாற்றாமலே அதன் ஒலியை மேம்படுத்த நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ரிசீவரையும் (ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஸ்பீக்கர்களையும் தனித்தனியாக வாங்கியவர்களுக்கும், எல்லாம் ஒரே பெட்டியில் வரும் செட்டை வாங்கியவர்களுக்கும் இதில் விடைகள் உண்டு.

ஒலி போதவில்லை என்றால் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்குவதுதானே முறை? ஃபில்டர் எதற்கு?

பெரும்பாலான வீடுகளில் குறை வாட்டில் இருப்பதில்லை. சிறிய ஸ்பீக்கரிடம் அதனால் இயலாத வேலையைக் கேட்பதில்தான் இருக்கிறது. ஒரு வூஃபர் (ஸ்பீக்கருக்குள் கீழ் ஒலிகளைத் தரும் பகுதி) ஒரே அளவு ஒலியைத் தர வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 160 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசையும் கூம்பு, அதே ஒலி அளவை 80 ஹெர்ட்ஸில் தர 2 மில்லிமீட்டரும், 40 ஹெர்ட்ஸில் தர 8 மில்லிமீட்டரும் அசைந்தாக வேண்டும். சாதாரண நான்கு அங்குல வூஃபரால் அவ்வளவு தூரம் ஒழுங்காக அசைய முடியாது. அசைய முயலும்போது, அதே கூம்பிலிருந்து வெளிவரும் வசனமும் சேர்ந்து கலங்குகிறது. படத்தில் வெடிச் சத்தம் வரும் நேரத்தில் பேச்சு புரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிலையில் பெரிய ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தால் கூம்பை இன்னும் பலமாகத் தள்ளுவதைத் தவிர வேறு பயன் இருக்காது. கீழ் அதிர்வெண்களைச் சிறிய ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் தடுத்துச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடுவதே ஃபில்டரின் வேலை. ஆகவே முதலில் ஃபில்டர், அடுத்து அறைக்கான திருத்தம், கடைசியில் ஆம்ப்ளிஃபையர் என்ற வரிசையில் போவதே சரி என்பது என் கருத்து. முதல் இரண்டும் பெரும்பாலும் ரிசீவரின் மெனுவிலேயே செலவில்லாமல் கிடைக்கின்றன. மக்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குவதுதான் வேடிக்கை.

ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்று வைப்பதா, ‘ஸ்மால்’ என்று வைப்பதா?

சப்வூஃபர் இருக்கும்வரை ‘ஸ்மால்’ என்றே வையுங்கள். ஆளுயரத் தரை ஸ்பீக்கராக இருந்தாலும் அப்படித்தான். ‘லார்ஜ்’ என்றால் ஃபில்டர் எதுவும் இல்லாமல் முழு ஒலியும் அந்த ஸ்பீக்கருக்கே போகும்; ‘ஸ்மால்’ என்றால் கிராஸோவர் புள்ளிக்கு, அதாவது ஒலியை இரண்டாகப் பிரிக்கும் அதிர்வெண்ணுக்கு, கீழுள்ள பகுதி சப்வூஃபருக்குப் போகும். தானியங்கி அளவீட்டை ஓட்டிய பிறகு சில ரிசீவர்கள் முன் ஸ்பீக்கர்களைத் தாமாகவே ‘லார்ஜ்’ ஆக்கிவிடும். அதைக் கையால் மாற்றுவதில் தவறில்லை. கருவி கண்டுபிடித்த கிராஸோவர் எண்ணை உயர்த்தலாம், ஆனால் தாழ்த்தக் கூடாது. அந்த எண்ணுக்குக் கீழே ஸ்பீக்கருக்குப் போதிய பலம் இல்லை என்பதை அளந்து பார்த்த பிறகே கருவி அந்த முடிவுக்கு வந்திருக்கிறது.

எல்லோரும் சொல்லும் 80 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? அது எல்லா ஸ்பீக்கருக்கும் பொருந்துமா?

லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டி.எச்.எக்ஸ். என்ற திரையரங்கு ஒலித் தரம் வீடுகளுக்கு வந்தபோது நிலைபெற்ற எண் இது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் எளிதில் கண்டறிய முடியாது. ஆகவே சப்வூஃபர் அறையின் மூலையில் இருந்தாலும் பேஸ் திரையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

இதன் கணக்கு அழகானது. 1976இல் ஹியூலெட்-பேக்கார்டு பொறியாளர்களான சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரும் விளக்கிய ஃபில்டர் முறையில், மேல்பகுதியும் கீழ்பகுதியும் கிராஸோவர் புள்ளியில் தலா 6 டெசிபல் குறைந்து, இரண்டும் சேரும்போது மேடுபள்ளம் இல்லாமல் சமமாகின்றன. இதன் பரவலான வடிவத்தில் சரிவு ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் இடைவெளி) 24 டெசிபல். டி.எச்.எக்ஸ். முறையில் ரிசீவர் சப்வூஃபர் பக்கம் இந்த முழுச் சரிவையும் கொடுக்கிறது. ஸ்பீக்கர் பக்கம் 12 டெசிபல் மட்டும் கொடுத்துவிட்டு, மீதி 12 டெசிபலை மூடிய பெட்டி ஸ்பீக்கரின் இயல்பான சரிவுக்கு விட்டுவிடுகிறது. அதாவது 80 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே சரியத் தொடங்கும் மூடிய பெட்டி ஸ்பீக்கரில் மட்டுமே கணக்கு முழுதாகக் கைகூடும். துளை வைத்த பெட்டிகளில் இயல்புச் சரிவு வேறு என்பதால், அவை 45 அல்லது 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கக்கூடியவையாக இருந்தால்தான் 80இல் வெட்டுவது நல்லது.

மூன்று அங்குல வூஃபர் கொண்ட குட்டி ஸ்பீக்கர்களுக்கு 80 பொருந்தவே பொருந்தாது. அவற்றை 120இலிருந்து 150 ஹெர்ட்ஸுக்குள் வெட்ட வேண்டும். அப்போது ஆண் குரலின் அடிப்பகுதி சப்வூஃபருக்குப் போய்விடுவதால், சப்வூஃபரை மூலையில் ஒளித்து வைக்காமல் திரைக்கு அருகே வைக்க வேண்டியிருக்கும்.

மெனுவில் எல்.எஃப்.இ. ஃபில்டர் என்று தனியாக இருக்கிறதே, அதுவும் 80தானா?

இல்லை, அதை 120இல் வையுங்கள். எல்.எஃப்.இ. என்பது 5.1இல் உள்ள அந்தப் ‘புள்ளி ஒன்று’. படத்தின் ஒலிக்கலவையில் தனியாகப் பதிவு செய்யப்படும் அந்தத் தடம் 120 ஹெர்ட்ஸ் வரை செல்லக்கூடியது. அதை 80இல் வெட்டினால் வெட்டிய பகுதி வேறு எந்த ஸ்பீக்கருக்கும் போகாது, தொலைந்துபோகும்.

சப்வூஃபரின் பின்புறம் உள்ள கிராஸோவர் குமிழை எங்கே வைப்பது?

ரிசீவர் ஏற்கெனவே வெட்டி அனுப்புவதால், அந்தக் குமிழை அதன் உச்ச எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது எல்.எஃப்.இ. என்று குறிக்கப்பட்ட உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு ஃபில்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்தால் கிராஸோவர் அருகே ஒரு பள்ளம் விழும். அளவீட்டுக்குப் பின் சப்வூஃபரின் தூரம் உண்மையைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டப்பட்டால் அதைத் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஏற்படுத்தும் தாமதத்தை ரிசீவர் தூரமாகக் கணக்கிடுகிறது. 5 மில்லிவினாடித் தாமதம் ஏறத்தாழ 1.7 மீட்டர் தூரத்துக்குச் சமம்.

ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கெபாசிட்டரைத் தொடராக இணைத்தால் ஃபில்டர் ஆகிவிடாதா?

காகிதத்தில் ஆகும். 8 ஓம் ஸ்பீக்கரை 80 ஹெர்ட்ஸில் வெட்ட ஏறத்தாழ 250 மைக்ரோஃபாரட் கொண்ட, துருவமில்லாத கெபாசிட்டர் தேவை. ஆனால் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் ஆக இருப்பதில்லை. அதன் ஒத்ததிர்வுப் புள்ளியில் மின்மறுப்பு 30 ஓமையும் தாண்டி எகிறும். குட்டி ஸ்பீக்கர்களில் அந்தப் புள்ளி நாம் வெட்ட நினைக்கும் இடத்துக்கு அருகிலேயே வந்து நிற்கும். அங்கே கெபாசிட்டரால் எதையும் பெரிதாகத் தடுக்க முடியாது. சில சமயம் ஸ்பீக்கரின் சுருளோடு சேர்ந்து ஒத்ததிர்ந்து, குறைய வேண்டிய இடத்தில் ஒரு மேட்டையே உண்டாக்கிவிடும். ட்வீட்டரை (மேல் ஒலிகளைத் தரும் பகுதி) 3,000 ஹெர்ட்ஸில் வெட்டுவதற்கு நன்றாக உதவும் முறை, 80 ஹெர்ட்ஸில் ஏமாற்றுவதற்குக் காரணம் இதுதான்.

ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் வெட்டாமல் முன்னால் வெட்டுவது நல்ல மாற்று. அங்கே எதிரில் இருப்பது ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை. அது அதிர்வெண்ணுக்கு ஏற்பப் பெரிதாக மாறுவதில்லை. உள்ளீடு 20 கிலோ ஓம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றை ஆர்.சி.ஏ. கேபிளின் நடுக்கம்பியில் தொடராக இணைத்தால் சரியாக 80 ஹெர்ட்ஸில் வெட்டும். 47 கிலோ ஓம் என்றால் 0.047 மைக்ரோஃபாரட் போட்டு 72 ஹெர்ட்ஸில் நிறுத்தலாம். சில ரூபாய்களில் முடியும் வேலை. இதன் சரிவு ஆக்டேவுக்கு 6 டெசிபல் மட்டுமே என்பதால் 40 ஹெர்ட்ஸில் 7 டெசிபல்தான் குறையும். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரோடு குட்டி ஸ்பீக்கர்களை ஓட்டுபவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. ரிசீவரின் ‘ஸ்மால்’ அமைப்பு ஏற்கெனவே இருப்பவர்கள் இதைச் சேர்க்கத் தேவையில்லை.

ஒரே பெட்டியில் வந்த செட்டில் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபையருக்கான, பெருக்கப்படாத சிக்னல் வெளியீடு) எதுவும் இல்லை. வெளி ஆம்ப்ளிஃபையரை எப்படி இணைப்பது?

ஸ்பீக்கர் வெளியீட்டை லைன் அளவுக்கு, அதாவது ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு ஏற்கும் சிறு வோல்டேஜுக்கு, குறைத்துத் தரும் சிறு மாற்றிக் கருவிகள் கார் ஆடியோ கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் இணைப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய செட்டுகளில் பலவும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரைப் பாலமுறையில் ஓட்டுகின்றன. அவற்றின் கறுப்பு முனை, அதாவது கழித்தல் முனை, பூமி முனை அல்ல. அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு சேனல்களின் கழித்தல் முனைகளை ஒன்றாகப் பிணைத்தாலோ, கழித்தல் முனையை மற்றொரு ஆம்ப்ளிஃபையரின் பூமியோடு சேர்த்தாலோ செட்டின் வெளியீட்டு ஐ.சி. போய்விடக்கூடும். ஆகவே உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்சாரத் தொடர்பின்றிப் பிரிக்கும் வகையையே வாங்குங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தச் செட்டுகளின் ஸ்பீக்கர் வெளியீடுகளில் பேஸ் ஏற்கெனவே வெட்டப்பட்டு, பவர் இல்லாத (உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத) சப்வூஃபருக்குத் தனி வெளியீடாகப் போகிறது. முன் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து எடுத்துப் புதிய பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்தால் அவை மெலிந்தே ஒலிக்கும். என் கருத்தில், இத்தகைய செட்டில் செய்யத் தகுந்த ஒரே மேம்பாடு சப்வூஃபர் வெளியீட்டை மாற்றி வழியாக எடுத்து, பவர் உள்ள நல்ல சப்வூஃபர் ஒன்றுக்குக் கொடுப்பது. அதற்கு மேல் செலவழிக்கும் பணத்தில் ப்ரீ-அவுட் உள்ள பழைய ரிசீவர் ஒன்றை வாங்கிவிடலாம். செட்டோடு வந்த ஸ்பீக்கர்களை அந்த ரிசீவரில் போடுவதற்கு முன் பின்புறம் பாருங்கள்: 3 ஓம் என்று அச்சிட்டிருந்தால் சாதாரண ரிசீவர் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

ப்ரீ-அவுட் உள்ள ரிசீவர் இருக்கிறது. வெளி ஆம்ப்ளிஃபையர் எனக்கு உண்மையிலேயே தேவையா? எத்தனை வாட்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல். 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால், சுவர்களின் உதவியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 9.5 டெசிபல் குறைந்து 76.5 ஆகிறது. திரையரங்குத் தரத்தின்படி ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். அதை எட்ட இன்னும் 28.5 டெசிபல், அதாவது ஏறத்தாழ 700 வாட் வேண்டும். படித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் வீட்டில் அந்த அளவில் யாரும் படம் பார்ப்பதில்லை; பத்துப் பன்னிரண்டு டெசிபல் கீழேதான் பார்க்கிறார்கள். 93 டெசிபல் உச்சத்துக்கு 45 வாட் போதும். அறையின் எதிரொலிப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

இங்கே இரண்டு உண்மைகளை நினைவில் வைக்க வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே; 100 வாட்டிலிருந்து 150க்குப் போனால் 2 டெசிபல்கூடக் கூடாது. மறுபக்கம், ரிசீவரின் பெட்டியில் அச்சிட்ட வாட் பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் ஓட்டி அளந்தது. ஏழு சேனலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதைவிடக் குறைவு. எனவே 4 ஓம் ஸ்பீக்கர்கள், உணர்திறன் 85க்குக் கீழுள்ள ஸ்பீக்கர்கள், பெரிய கூடம், ஒலியைக் கூட்டும்போது ரிசீவர் அணைந்துபோகும் வழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் வெளி ஆம்ப்ளிஃபையர் நியாயமானது. அப்போதும் முதலில் முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். ரிசீவரின் மின்வழங்கி மீதமுள்ளவற்றைச் சுலபமாகச் சமாளிக்கும்.

சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்களில் ‘300 வாட்’ என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

அடாப்டரின் வோல்டேஜைப் பாருங்கள். உண்மை அங்கே இருக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ. 3116, 3255 போன்ற ஐ.சி.க்களைப் பாலமுறையில் ஓட்டும் ஆம்ப்ளிஃபையரில், வோல்டேஜை வர்க்கம் செய்து, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால் சிதைவில்லாமல் கிடைக்கக்கூடிய உச்ச வாட் வரும். 24 வோல்ட் அடாப்டரும் 8 ஓம் ஸ்பீக்கரும் என்றால் 36 வாட். 32 வோல்ட் என்றால் 64. 48 வோல்ட் என்றால் 144. இதுவும் மேல்வரம்புதான், நடைமுறையில் சற்றுக் குறையும். மேலும் 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் மொத்தமாகத் தருவதே 160 வாட் என்னும்போது, அதிலிருந்து 300 வாட் தொடர்ந்து வெளிவர வழியே இல்லை. இவ்வளவு சொன்னாலும், விலைக்கு இவை நல்ல ஆம்ப்ளிஃபையர்கள்தான். அச்சிட்ட எண்ணை மட்டும் மறந்துவிட வேண்டும்.

மேடைக் கச்சேரிகளுக்கான ஆம்ப்ளிஃபையர்கள் வாட்டுக்கு மலிவு. அவற்றின் விசிறிச் சத்தம் அமைதியான காட்சிகளில் கேட்கும். அவற்றின் உள்ளீடு எக்ஸ்.எல்.ஆர். வகை என்பதால், ஆர்.சி.ஏ.யின் நடுமுனையை இரண்டாவது பின்னுக்கும், ஆர்.சி.ஏ.யின் வெளிவளையத்தை மூன்றாவது பின்னுக்கும் கொண்டுபோகும் கேபிள் வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரை இணைத்தேன்; முன்பைவிட ஒலி குறைந்துவிட்டது. ஏன்?

ரிசீவரின் ப்ரீ-அவுட் தரும் வோல்டேஜுக்கும் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்துக்கும் பொருத்தமில்லை. 26 டெசிபல் பெருக்கம் கொண்ட ஆம்ப்ளிஃபையர் உள்ளே வரும் ஒரு வோல்ட்டை 20 வோல்ட் ஆக்குகிறது; 8 ஓமில் அது 50 வாட். அந்த ஆம்ப்ளிஃபையர் 200 வாட் திறன் கொண்டதாக இருந்தாலும், ப்ரீ-அவுட் ஒரு வோல்ட்டோடு நின்றுவிட்டால் 50 வாட்டுக்கு மேல் வராது. முழுத் திறனுக்கு 2 வோல்ட் வேண்டும். வாங்குவதற்கு முன் இரு கருவிகளின் விவரத் தாள்களிலும் இந்த எண்களைப் பாருங்கள். இணைத்த பிறகு ரிசீவரின் தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் ஓர் அளவிலும் பின்பக்கம் வேறோர் அளவிலும் ஒலிக்கும்.

எல்லாம் சரி செய்தும் பேஸ் சில இடங்களில் அதிர்கிறது, சில இடங்களில் கேட்பதே இல்லை. எந்த ஃபில்டர் உதவும்?

இது ஸ்பீக்கரின் குறையல்ல, அறையின் இயல்பு. நம் வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் 12 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். உயரம் 10 அடி. நம் வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். 12 அடி நீளத்தில் 48 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் 57 ஹெர்ட்ஸிலும் நிலை அலை (சுவர்களில் மோதித் திரும்பி, சில இடங்களில் பெருகியும் சில இடங்களில் மறைந்தும் நிற்கும் ஒலி அலை) உண்டாகும். உயரமும் 10 அடியே என்பதால் அதே 57 ஹெர்ட்ஸ் இரண்டாம் முறையும் வந்து ஒன்றின்மேல் ஒன்றாக அமர்கிறது. பலகைச் சுவர் வீடுகளில் இந்த அலைகளின் ஒரு பகுதி சுவர் வழியே கசிந்துவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் ஏறத்தாழ முழுவதையும் அறைக்குள்ளேயே திருப்பி அனுப்புகின்றன. அறையின் நீளத்துக்குச் சரிநடுவே சோபாவைப் போட்டால் அங்கே 48 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துவிடும். பின்சுவரை ஒட்டிப் போட்டால் அதுவே வீங்கி ஒலிக்கும்.

ஆகவே முதலில் சோபாவையும் சப்வூஃபரையும் இரண்டடி நகர்த்திப் பாருங்கள். பிறகு அளவிடுங்கள். ஆர்.இ.டபிள்யூ. என்ற மென்பொருள் இலவசம், மினிடி.எஸ்.பி. நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற, ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தக் கோப்போடு வரும் மைக் ஒன்று இருந்தால் போதும். வரைபடத்தில் 57 ஹெர்ட்ஸில் பத்து டெசிபல் மேடு தெரிந்தால், பாராமெட்ரிக் ஈக்வலைசரில் (தேர்ந்தெடுத்த அதிர்வெண்ணை மட்டும் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஃபில்டர்) அதே அதிர்வெண்ணில், அதே அகலத்தில், எட்டு டெசிபல் குறையுங்கள். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முயலக் கூடாது. பள்ளத்தில் 6 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரிடம் நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள். திரும்பி வரும் அலையும் அதே அளவு பெரிதாகிக் கூடுதலாக வந்ததை அழித்துவிடுவதால், காதுக்கு ஏதும் வந்து சேராது. பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம், அல்லது எதிரெதிர்ச் சுவர்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்று என இரண்டு சப்வூஃபர்கள்.

ரிசீவரில் ஆடிஸி, டிராக் லைவ், ஒய்.பி.ஏ.ஓ. போன்ற திருத்த முறைகளில் ஒன்று இருந்தால் இந்த வேலையில் ஒரு பகுதியை அதுவே செய்துவிடும். இல்லாதவர்கள் ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் இடையே மினிடி.எஸ்.பி. 2x4 போன்ற சிறு ஈக்வலைசர் பெட்டியை வைக்கலாம். எந்த முறையானாலும் 300 ஹெர்ட்ஸுக்கு மேல் திருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே மைக் அளப்பதும் காது கேட்பதும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்குக் கீழே செய்யத் தகுந்த இன்னொரு திருத்தம்: மேசைக்குள் செருகிவைத்த சென்டர் ஸ்பீக்கரில் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், 150 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். வசனம் தெளிந்துவிடும்.

துளை வைத்த சப்வூஃபருக்கு வெளி ஆம்ப்ளிஃபையர் கொடுக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

துளையின் இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கிப்பிடிக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. அங்கே வரும் சிக்னல் கூம்பை எல்லை மீறி அடிக்கும். 30 ஹெர்ட்ஸுக்கு இசைவித்த பெட்டி என்றால் 25 ஹெர்ட்ஸ் அருகே செங்குத்தான ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ் அதிர்வெண்களைத் தடுப்பது) கட்டாயம். கடையில் வாங்கும் பவர் சப்வூஃபர்களில் இது பொதுவாக உள்ளேயே இருக்கும். நீங்களே ஆம்ப்ளிஃபையர் சேர்க்கும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மூடிய பெட்டியை லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற ஃபில்டரால் இன்னும் ஆழமாக இறக்க முடியும், ஆனால் ஓர் ஆக்டேவ் இறக்க 12 டெசிபல், அதாவது 16 மடங்கு வாட் தேவை.

பை-ஆம்ப்பிங் (வூஃபரையும் ட்வீட்டரையும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் சேனல்களால் ஓட்டுவது) செய்தால் தரம் கூடுமா?

ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸோவரை அப்படியே விட்டுவிட்டு, ரிசீவரின் உபரி இரண்டு சேனல்களால் ட்வீட்டரைத் தனியாக ஓட்டுவதில் பயன் மிகக் குறைவு. மின்வழங்கி ஒன்றே.

ஆம்ப்ளிஃபையரை இணைத்ததிலிருந்து ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறது. எப்படிப் போக்குவது?

50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் எர்த் வளையத்தால் வருவது. செட்-டாப் பாக்ஸுக்கு வரும் டிஷ் அல்லது கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அந்த ஒயரின் வெளியுறைதான் இரண்டாவது எர்த்தாக வேலை செய்கிறது. அந்த ஒயருக்கான தனிமைப்படுத்தும் இணைப்பி ஒன்றைப் போட்டால் தீரும். அப்போதும் நிற்காவிட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து எடுங்கள், அடுத்தது ஆர்.சி.ஏ. வழியில் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் உள்ளே கோளாறு ஏற்படும் நாளில் 230 வோல்ட் பெட்டியின் உலோக உறையில் வந்து நிற்கும்.

குறைந்த வாட் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

குறைந்த வாட்டால் எந்த ஸ்பீக்கரும் கெடுவதில்லை; கிளிப் ஆகும்வரை, அதாவது ஆம்ப்ளிஃபையரின் வரம்பைத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்படும்வரை, ஒலியைக் கூட்டுவதால்தான் கெடுகிறது. முழுதாகக் கிளிப் ஆன அலை, சிதைவில்லாத சைன் அலையைவிட இரு மடங்கு வாட்டைக் கொண்டது. அதோடு பேஸ் உச்சவரம்பில் மோதி நின்றுவிட, மேல் அதிர்வெண்கள் மட்டும் தொடர்ந்து ஏறுவதால் ட்வீட்டருக்கு அதன் தகுதிக்கு மீறிய சூடு போகிறது.

வீட்டு மின்இணைப்பில் ஏதேனும் மாற்றம் வேண்டுமா? இன்வெர்ட்டரில் ஓடுமா?

பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஆம்ப்ளிஃபையர், சுவிட்சைப் போட்ட கணத்தில் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 6 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துவிடலாம். 16 ஆம்பியர் சாக்கெட்டில் தனியாக இணைப்பது நல்லது. போடும்போது ரிசீவரை முதலிலும் ஆம்ப்ளிஃபையரைக் கடைசியிலும் போடுங்கள்; அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையரை முதலில் அணையுங்கள்; ஸ்பீக்கரில் ‘டப்’ என்ற அடி விழாது. சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஒலியிலும் இரைச்சல் ஏறும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை, அதன் வி.ஏ. திறனுக்குள் டிவி, ரிசீவர், ஆம்ப்ளிஃபையர் மூன்றும் அடங்குகின்றனவா என்பதை மட்டும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால், மின்தடை நேரத்தில் ஆம்ப்ளிஃபையரை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் சேராத சாக்கெட்டில் விட்டுவிட்டு, செய்தி கேட்க டிவியின் சொந்த ஸ்பீக்கரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.